28 தொடர் தோல்வி, 14-68: டெட்ராய்ட் பிஸ்டன்ஸின் 2023-24 சீசன் பற்றிக் கேள்வி பதில்

என்பிஏவில் (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) 2023-24ல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் 82 ஆட்டத்தில் 14 வென்று 68 தோற்றது. அணியின் வரலாற்றிலேயே இதைவிட மோசமான கணக்கு கிடையாது. அது பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில்கள் கீழே. பெட்டிங் டிப்ஸ் கேட்டவர்களுக்குப் பதில் இல்லை.

ர.: சார், சாதனைத் தோல்வி 27ஆ 28ஆ? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

இரண்டும் சரி, கணக்கு வேறு. ஒரே சீசனுக்குள் அதிகத் தொடர் தோல்வி அதற்கு முன் 26. 2010-11ல் கிளீவ்லேண்ட், 2013-14ல் பிலடெல்பியா. 2023 டிசம்பர் 26 அன்று புரூக்ளினிடம் 118-112 என்று தோற்றபோது பிஸ்டன்ஸ் 27ஐத் தொட்டு அதை முறியடித்தது. அடுத்து டிசம்பர் 28ல் பாஸ்டனிடம் தோற்று 28. பிலடெல்பியா 2014-15 கடைசியிலும் 2015-16 தொடக்கத்திலுமாகச் சேர்த்து 28 தோற்றிருக்கிறது. இரண்டு சீசனைக் கோத்துப் பார்த்தால் பிஸ்டன்ஸ் அதைச் சமன் செய்தது, ஒரே சீசன் என்றால் பிஸ்டன்ஸ் தனியாக நிற்கிறது.

டிசம்பர் 30ல் டொராண்டோவை 129-127 என்று வென்று தொடரை முடித்தார்கள். அன்றுதான் டொராண்டோ தன் வீரர் அனுனோபியை நியூயார்க்குக்குக் கொடுத்திருந்தது, ஆள் குறைவாக ஆடியது. அதே டிரேடில் (வீரர் பரிமாற்றத்தில்) போன மலக்காய் ஃப்ளின் பிப்ரவரியில் டெட்ராய்ட்டுக்கே வந்து சேர்ந்தார் என்பது தனிக்கூத்து.

மு.: இவ்வளவு மோசமாகத் தோற்க உண்மையான காரணம் என்ன? இளம் அணி என்பது மட்டும்தானா?

இளம் அணி என்பது சாக்கு. காரணம் தூரத்திலிருந்து போட ஆள் இல்லாதது. முதல் ஆட்டத்தில் இறங்கிய ஐந்து பேரைப் பாருங்கள்: கில்லியன் ஹேஸ், கேட் கன்னிங்ஹாம், அவ்சார் தாம்ப்சன், ஐசையா ஸ்டூவர்ட், ஜேலன் டூரன். இதில் எதிரணி பயப்படும் ஷூட்டர் எத்தனை பேர்? அணியின் நல்ல ஷூட்டரான பொயான் போக்டனோவிச் கெண்டைக்கால் காயத்தால் முதல் 19 ஆட்டம் ஆடவில்லை. பாயிண்ட் கார்டாக (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்) எடுத்த மான்டே மாரிஸும் காயத்தில் உட்கார்ந்தார். நெட்ஸிடமிருந்து வாங்கிய ஜோ ஹாரிஸ் ஷூட்டர்தான், ஆனால் கோர்ட்டில் இறங்கியதே அபூர்வம்.

ஒரு பொசஷன் (பந்து ஒரு அணியின் கையில் இருக்கும் ஒரு முறை) எப்படிச் செத்தது என்று பார்ப்போம். டூரன் மேலே வந்து ஸ்க்ரீன் வைக்கிறார், அதாவது கேட்டைத் தடுப்பவரின் வழியில் குறுக்கே நிற்கிறார். கேட் அதைச் சுற்றிக்கொண்டு கூடையை நோக்கி வருகிறார், டூரன் சட்டெனத் திரும்பி உள்ளே ஓடுகிறார். இந்த இடத்தில் கார்னரில் (கோர்ட்டின் மூலையில்) நிற்பவருடைய டிஃபெண்டர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: தன் ஆளோடு நிற்பதா, உள்ளே போய் டூரனை மறிப்பதா? கார்னரில் நிற்பது அவ்சார் என்றால் முடிவெடுக்கவே தேவையில்லை. அந்த சீசனில் அவருடைய மூன்று புள்ளி விகிதம் 18.6 சதவீதம். அவர் ஒரு தடவை எறிந்தால் சராசரியாக வருவது 0.56 புள்ளி. லீகில் சாதாரண அணிகூட ஒரு பொசஷனுக்கு 1.1 புள்ளிக்கு மேல் எடுத்த காலம் அது. அவர் எறிய வேண்டும் என்றுதான் எதிரணி வேண்டிக்கொள்ளும்.

ஆகவே அந்த டிஃபெண்டர் பெயின்ட்டில் (கூடைக்கு முன்னால் வண்ணம் பூசிய பகுதி) ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நிற்பார். தன் ஆளைக் கைக்கெட்டும் தூரத்தில் மார்க் செய்யாமல் பெயின்ட்டில் மூன்று வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்று என்பிஏவில் விதி உண்டு. இரண்டரை வினாடி நின்று, வெளியே ஒரு எட்டு வைத்து, திரும்ப உள்ளே வந்தால் விதி காப்பாற்றப்பட்டுவிடும். டூரனுக்கு லாப் (உயரமாக எறியும் பாஸ்) போடும் வழி அடைபடும். கேட்டின் முன்னால் இரண்டு பேர், பக்கத்தில் ஒருவர். அவர் அவசரத்தில் விடும் பாஸ் எதிரணி கைக்குப் போகும், அது அப்படியே எதிர்ப்பக்கம் லே-அப்பாக முடியும். டர்ன்ஓவர் (பந்தை எதிரணியிடம் இழப்பது) ஆகிப் பந்து வெளியே போனால் தடுப்பை நிறுத்த நேரம் கிடைக்கும். வெளியே போகாமல் கைமாறினால் கிடைக்காது. பிஸ்டன்ஸ் தற்காப்பு மோசம் என்று எல்லோரும் சொன்னதில் ஒரு பங்கு உண்மையில் அவர்கள் அட்டாக்கிலிருந்து வந்த வினை.

த.: கேட் கன்னிங்ஹாமை டிராஃப்ட்டில் (புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) நம்பர் ஒன்னாக எடுத்தது வீண் என்று ஒத்துக்கொள்வீர்களா? அவர் ஆடும்போதுதானே அதிகப் புள்ளி விட்டார்கள்?

மாட்டேன். முந்தைய சீசனில் முழங்கால் கீழெலும்பு அறுவைச் சிகிச்சையால் 12 ஆட்டம்தான் ஆடியவர், திரும்பி வந்து சராசரி 22.7 புள்ளி, 7.5 அசிஸ்ட் (கூடை விழ வைத்த பாஸ்). 27வது தோல்வியில் 41 புள்ளி அவருடையது. ஒற்றை ஆட்டத்தின் ப்ளஸ்-மைனஸை (ஒருவர் கோர்ட்டில் இருந்தபோது அணி எடுத்த புள்ளிக்கும் விட்ட புள்ளிக்கும் உள்ள வித்தியாசம்) வைத்து ஒருவரையும் தூக்கில் போடாதீர்கள். கூட ஆடும் நான்கு பேருடைய கணக்கும் அதில்தான் ஏறும்.

செ.: தப்பு கோச் மான்டி வில்லியம்ஸ் மீதா, மேனேஜர் ட்ராய் வீவர் மீதா?

ஆட்களைச் சேர்த்தது வீவர். கையில் இருந்ததையும் கெடுத்துக்கொண்டது வில்லியம்ஸ். என் கணக்கில் வீவர் பங்கு பெரியது.

வில்லியம்ஸ் ஃபீனிக்ஸை 2021ல் ஃபைனல் வரை கொண்டுபோனவர், 2022ல் சிறந்த கோச் விருது வாங்கியவர். டெட்ராய்ட்டில் அவர் செய்த இரண்டு காரியம் எனக்குப் புரியவில்லை. ஒன்று, வேகமாக உள்ளே நுழையத் தெரிந்த ஜேடன் ஐவியைத் தொடக்கத்தில் பெஞ்சில் வைத்து ஹேஸை இறக்கியது. இன்னொன்று, ஐந்து பேரையும் ஒரே நேரத்தில் மாற்றி முழு பெஞ்சையும் கோர்ட்டில் விட்டது. கேட், ஐவி இருவரில் ஒருவர் எப்போதும் உள்ளே இருக்கும்படி நிமிடங்களைப் பிரிப்பது ஒன்றும் ரகசிய வித்தை இல்லை. முதல் குவார்ட்டரில் ஒருவரை ஏழாவது நிமிடத்தில் எடுத்துவிட்டு, மற்றவரைக் கடைசிவரை விட்டாலே போதும்.

ஆறு வருடத்துக்கு 78.5 மில்லியன் டாலர் என்று ஒப்பந்தம், ஒரே சீசனில் அனுப்பிவிட்டார்கள். மிச்சம் 65 மில்லியனுக்கு மேல் தர வேண்டியிருந்தது என்று செய்தி வந்தது. கோச் சம்பளம் வீரர்களின் சம்பள வரம்பில் சேராது. அது முதலாளி டாம் கோர்ஸின் பாக்கெட்டிலிருந்து போவது, அணி கட்டுவதற்கு அதனால் தடை இல்லை.

க.: வேண்டுமென்றே தோற்றார்கள். டாங்கிங். இது தெரியாமல் ஷூட்டிங், ஸ்க்ரீன் என்று பேசுகிறீர்களே!

வேண்டுமென்று தோற்பவன் கோச்சுக்கு அவ்வளவு பணம் கொட்ட மாட்டான். அந்தச் சம்பளம் அப்போது என்பிஏ கோச்களில் யாரும் வாங்காதது. 2022-23ல் 17-65 என்று கடைசி இடம் வந்தபோது டாங்கிங் என்று சொல்லியிருந்தால் பாதி ஒத்துக்கொள்வேன். 2023-24ல் ஜெயிக்கத்தான் வந்தார்கள், முடியவில்லை. அரங்கில் அணியை விற்றுவிடு என்று ரசிகர்கள் கோஷம் போட்டது அதனால்தான்.

ம.: க. சொல்வதில் நியாயம் இருக்கிறது. கடைசி இடம் வந்தால் முதல் பிக் (டிராஃப்ட்டில் முதலில் எடுக்கும் உரிமை) கிடைக்கும்தானே?

இந்த நினைப்பை முதலில் விடுங்கள். 2019லிருந்து விதி மாறிவிட்டது. டிராஃப்ட் வரிசைக்கான குலுக்கலில் 14 பந்திலிருந்து நான்கை எடுக்கிறார்கள், 1001 சேர்க்கை வரும், ஒன்றை விட்டுவிட்டு 1000ஐப் பங்கு போடுகிறார்கள். கடைசி மூன்று அணிக்கும் ஆளுக்கு 140. அதாவது கடைசி, கடைசிக்கு முந்தியது, அதற்கும் முந்தியது மூன்றுக்கும் முதல் பிக் வாய்ப்பு ஒரே 14 சதவீதம். பழைய விதியில் கடைசி அணிக்கு 25 இருந்தது.

கடைசி இடத்துக்குக் கிடைக்கும் ஒரே லாபம் தரை. குலுக்கலில் முதல் நான்கு இடம் மட்டும் முடிவாகிறது, ஆகவே கடைசி அணி ஐந்தாவதுக்குக் கீழே போகாது. மூன்றாவது மோசமான அணி ஏழாவது வரை இறங்கலாம். அந்தத் தரையில் போய் விழும் வாய்ப்போ 47.9 சதவீதம், கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. பிஸ்டன்ஸ் 2023ல் கடைசி இடம், ஐந்தாவது பிக், முதல் பிக்கான வெம்பன்யாமா சான் அன்டோனியோவுக்குப் போனார். 2024ல் மறுபடி கடைசி இடம், மறுபடி ஐந்தாவது பிக். அந்த வருடம் முதல் பிக் 3 சதவீத வாய்ப்பு வைத்திருந்த அட்லாண்டாவுக்கு.

க.: அப்படியென்றால் குலுக்கலே ஏமாற்று. 2025லும் கடைசி இடம் வந்த யூட்டா ஐந்தாவதுக்குப் போனது, 1.8 சதவீதம் வைத்திருந்த டல்லாஸ் முதலிடம். மூன்று வருடம் வரிசையாக! தற்செயலா?

தற்செயல்தான். 0.479ஐ மூன்று தடவை பெருக்குங்கள். 0.11 வரும், ஒன்பதில் ஒரு வாய்ப்பு. இன்னொன்றையும் நானே எடுத்துத் தருகிறேன்: 2019 முதல் 2025 வரை ஏழு குலுக்கலில் கடைசி இடம் வந்த அணிக்கு ஒரு முறைகூட முதல் பிக் விழவில்லை. பயங்கரமாகத் தெரிகிறதா? 0.86ஐ ஏழு முறை பெருக்கினால் 0.35. மூன்றில் ஒரு தடவைக்கு மேலேயே இப்படி நடக்கும். சதி என்று சொல்ல இது பத்தாது.

ம.: சரி, கடைசிக்கு முந்திய இடம்தானே புத்திசாலித்தனம்? 2021ல் பிஸ்டன்ஸ் அப்படித்தானே கேட்டைப் பிடித்தது?

2021ல் ஹூஸ்டன் கடைசி, பிஸ்டன்ஸ் அதற்கு மேலே, முதல் பிக் பிஸ்டன்ஸுக்கு. ஆனால் அதுவும் அதே 14 சதவீதம்தான், புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை. 2023-24ல் வாஷிங்டன் 15-67, பிஸ்டன்ஸைவிட ஒரே ஒரு வெற்றி கூட. இரண்டாவது பிக் கிடைத்தது. ஒரு வெற்றிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, பந்து விழுந்த விதம். லாட்டரி பற்றி இதற்கு மேல் வேண்டாம், க.வும் ம.வும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள்.

வி.: கால்பந்து போல கடைசி அணியைக் கீழ் லீகுக்குத் தள்ள முடியாதா?

முடியாது. உரிமையாளர்கள் காசு கொடுத்து வாங்கிய இடங்கள் அவை. அவர்களே ஓட்டுப் போட்டுத் தங்களைக் கீழே தள்ளிக்கொள்ள மாட்டார்கள்.

பா.: பாஸ்டன் ஆட்டம் ஜெயித்திருக்க வேண்டியது. வெறும் துரதிர்ஷ்டம்தானே?

இடைவேளையில் 66-47 என்று முன்னால் இருந்து, ஓவர்டைமில் 128-122 என்று தோற்றார்கள். நன்றாக ஆடிய ஆட்டம்தான். ஆனால் ஒற்றை ஆட்டத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள் என்பது இதற்கும் பொருந்தும். தொடர் தோல்வியையே கழித்துப் பாருங்கள்: முன்னால் 2-1, பின்னால் 12-39. பின்னால் வந்த 51 ஆட்டத்தின் வேகத்தில் முழு சீசன் ஆடியிருந்தால் 19 வெற்றி. அப்போதும் அடிமட்ட அணிதான்.

ஜோ.: ஒரு கல்லூரி அணிக்குப் பயிற்சி தருகிறேன். என்னிடமும் அவ்சார் மாதிரி ஒரு பையன். ஓட்டம், தாவல், தடுப்பு எல்லாம் உண்டு, தூரத்திலிருந்து விழாது. எங்கே நிறுத்துவது?

நல்ல கேள்வி. முதலில் ஒன்று: நீங்கள் ஆடுவது ஃபீபா (சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பு) விதி. அதில் தற்காப்பு மூன்று வினாடி விதியே கிடையாது. எதிரணி ஆள் பெயின்ட்டில் குடித்தனமே நடத்தலாம். ஆகவே ஷூட் செய்யாதவர் உங்கள் கோர்ட்டில் என்பிஏவைவிட அதிகச் சுமை.

அவரைக் கார்னரில் நிறுத்தாதீர்கள். மூன்று வழி இருக்கிறது. முதலாவது, அவரையே ஸ்க்ரீன் வைக்க விடுங்கள். அவருடைய டிஃபெண்டர் பின்வாங்கி நிற்பதால் பந்து வைத்திருப்பவருக்கு இலவசமாக இடம் கிடைக்கும், உங்கள் பையன் திரும்பி உள்ளே ஓடும்போது பாஸ் வாங்கி அடுத்த பாஸ் கொடுப்பார். இரண்டாவது, பேஸ்லைன் (கூடைக்குப் பின்னால் உள்ள எல்லைக் கோடு) ஓரம், பெயின்ட் கோட்டுக்கு வெளியே ஓர் எட்டு தள்ளி நிறுத்துங்கள். உதவிக்கு அவரைத் தடுப்பவர் நகர்ந்தால் பந்து நேரே அவர் கைக்கு, இரண்டு எட்டில் கூடை. மூன்றாவது, எதிரணி ஆள் பந்தைப் பார்க்கத் தலையைத் திருப்பும் அந்த நொடியில் உள்ளே வெட்டி ஓடப் பழக்குங்கள். தலை திரும்புவதற்கு முன் ஓடினால் பயன் இல்லை, எல்லாப் பையன்களும் செய்யும் தவறு அது.

முக்கியமானது: இப்படி ஒருவர் உள்ளே இருந்தால் மற்ற நால்வரில் மூன்று பேராவது 6.75 மீட்டர் கோட்டுக்கு வெளியிலிருந்து போடத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். ஷூட் செய்யாத மூன்று பேரை ஒன்றாக இறக்கினால் மேலே சொன்ன எதுவும் வேலை செய்யாது. பிஸ்டன்ஸ் இறக்கியது இரண்டுக்கு மேல்.

ந.: கேட்டை விற்றிருந்தால் நல்ல பிக் வந்திருக்குமே?

த.வுக்குச் சொன்ன பதில்தான்.

அ.: அடுத்த வருடம் 44-38 எப்படி? அதிசயமா?

82 ஆட்ட சீசன்களில் முந்தைய வருட வெற்றியை மூன்று மடங்காக்கிய முதல் அணி. அதிசயம் இல்லை. டிரஜான் லாங்டன் நிர்வாகத்துக்கு வந்தார், வீவர் போனார், கோச்சாக ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப். கேட், டூரன், ஸ்டூவர்ட், அவ்சார் அப்படியே இருந்தார்கள். வந்தவர்களைப் பாருங்கள்: மாலிக் பீஸ்லி, டிம் ஹார்ட்வே ஜூனியர், டோபையஸ் ஹாரிஸ். பீஸ்லி மட்டும் 319 மூன்று புள்ளி போட்டார். அவர் கார்னரில் நின்றால் அவரைத் தடுப்பவர் ஓர் அடிகூட உள்ளே வர முடியாது. அதே கேட், அதே ஸ்க்ரீன், இப்போது வழி திறந்திருந்தது. ஐவி ஜனவரி 1ல் கால் உடைந்து வெளியே போன பிறகும் அணி சரியவில்லை.

இ.: டாங்கிங் செய்துதானே இந்த அணி உருவானது?

க.வுக்கும் ம.வுக்கும் எழுதியதைப் படியுங்கள்.

சு.: பிளேஆஃபில் (சீசன் முடிந்தபின் நடக்கும் நாக்-அவுட் சுற்று) 15 தொடர் தோல்வி என்று ஒரு சாதனை சொல்கிறார்களே, அதுவும் இந்த சீசனா?

இல்லை, அது வேறு கணக்கு. 2008ல் பாஸ்டனிடம் கடைசி இரண்டு ஆட்டம், 2009லும் 2016லும் கிளீவ்லேண்டிடம் நான்கு நான்கு, 2019ல் மில்வாக்கியிடம் நான்கு, 2025ல் நியூயார்க்கிடம் முதல் ஆட்டம். கூட்டினால் 15, பிளேஆஃபில் வேறு எந்த அணியும் இத்தனை தோற்றதில்லை. இரண்டாவது ஆட்டத்தை 100-94 என்று வென்று முடித்தார்கள். தொடரை நியூயார்க் 4-2 என்று எடுத்தது, ஆறாவது ஆட்டம் 116-113.