பூச்சி தின்னும் செடிகள்: மாடியில் வளர்ப்பவர்கள் கேட்டவையும் பதில்களும்

பூச்சி தின்னும் செடிகளைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் வந்த கேள்விகளில் பாதி, "இதற்கு என்ன சாப்பாடு போடுவது?" என்பதுதான். செடி செத்துப்போவது பசியால் அல்ல, தண்ணீராலும் மண்ணாலும்தான். அதனால் அந்த இரண்டையும் கொஞ்சம் நீட்டியே எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

வேளச்சேரி: அக்கா, தொங்கும் தொட்டியில் நெப்பந்தஸ் (பூச்சி பிடிக்கும் குடுவைச் செடி) வாங்கினேன். வரும்போது குடுவைகள் நிறைய இருந்தன. மூன்றே வாரத்தில் எல்லாம் காய்ந்துவிட்டன. இலை மட்டும் பச்சை. செத்துவிட்டதா?

சாகவில்லை. நர்சரியில் பசுமைக் குடிலுக்குள் ஈரக்காற்றில் இருந்த செடி, உங்கள் பால்கனிக் காற்றுக்கு வந்ததும் முதலில் குடுவைகளைத்தான் கைவிடும். இலை பச்சையாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. காய்ந்த குடுவையை மட்டும் வெட்டிவிடுங்கள், இலையைத் தொடாதீர்கள். காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் படுகிற இடமாகப் பார்த்து மாட்டுங்கள். மே மாதத்தில் 50 சதவீத நிழல்வலை கட்டாயம். இடத்தை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். புதிதாக இரண்டு மூன்று இலை விட்ட பிறகும் இலை நுனியில் குடுவை வரவில்லை என்றால், பெரும்பாலும் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். "உள் அலங்காரச் செடி" என்று சொல்லி விற்பதை நம்பி வரவேற்பறை மூலையில் வைத்தால் வெறும் இலைச்செடியாகத்தான் நிற்கும்.

திருச்சி: போர் தண்ணீர்தான் இருக்கிறது. அதையே ஊற்றலாமா? ஆர்.ஓ. தண்ணீர் பரவாயில்லையா?

போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். இந்தச் செடிகள் சத்தே இல்லாத சதுப்பு மண்ணில் வாழப் பழகியவை. மண்ணில் கிடைக்காத நைட்ரஜனைப் பூச்சியிடமிருந்து எடுத்துக்கொள்ளத்தான் இத்தனை ஏற்பாடும். அதன் வேருக்கு உப்பு என்பது விஷம். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. 50-க்குள் இருந்தால் நல்லது. நூறு வரை சமாளிக்கும். நம் ஊர் போர் தண்ணீர் 500-ஐச் சாதாரணமாகத் தாண்டும், ஆயிரத்துக்கு மேல் போகும் இடங்களும் உண்டு.

ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாம், ஆனால் அளந்து பார்த்துவிட்டு. பல வீட்டு இயந்திரங்களில் ருசிக்காக உப்பைத் திரும்பக் கலக்கும் அமைப்பு இருக்கும். எல்லாவற்றிலும் சிறந்தது மழைத் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு டிரம் பிடித்து மூடி வைத்தால் சில செடிகளுக்குப் பல மாதம் வரும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரும் நல்லதுதான். காற்றிலிருந்து குளிர்ந்து இறங்குவது என்பதால் உப்பு மிகக் குறைவு. சர்வீஸ் செய்து ரசாயனம் அடித்த வாரத்தில் மட்டும் பிடிக்காதீர்கள். காய்ச்சி ஆறவைத்த குழாய்த் தண்ணீர் ஊற்றலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். காய்ச்சினால் கிருமிதான் சாகும், கரைந்த உப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

மதுரை: செம்மண், மண்புழு உரம் கலந்து நட்டிருக்கிறேன். அடி இலை கருகுகிறது.

உடனே மாற்றுங்கள், நாளைக்கு என்று தள்ள வேண்டாம். உரம் எதுவும் வேருக்குப் போகக்கூடாது. மண்புழு உரம், சாணம், பஞ்சகவ்யம், எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நெப்பந்தஸுக்கு ஸ்பாக்னம் எனும் சதுப்புப் பாசியும், பெர்லைட் எனும் எடை குறைந்த வெள்ளைக் கல் துகளும் கலந்தால் போதும். கூடக் கொஞ்சம் தேங்காய் மட்டைத் துண்டு போடலாம். மட்டையிலும் கோகோபீட்டிலும் உப்பு இருக்கும் என்பதால் மழைத் தண்ணீரில் ஊறவைத்து, கொட்டி, மறுபடி ஊறவைத்துப் பல முறை அலசிய பிறகே பயன்படுத்துங்கள். தொட்டி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். மண்தொட்டியில் நாளடைவில் உப்புப் படியும். வேர் கருப்பாக, முடி போல மெல்லியதாக இருக்கும். அது அழுகல் அல்ல, நெப்பந்தஸ் வேரின் நிறமே அதுதான். ஒடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈரோடு: வாரம் ஒரு சிக்கன் துண்டு போடுகிறேன், சரிதானே?

சரியில்லை. அழுகி நாறும், குடுவையும் சேர்ந்து அழுகும். செடி வெளியே இருந்தால் எறும்பு, ஈ எல்லாம் தானாக விழும். ஒரு பூச்சிகூட விழாவிட்டாலும் செடி சாகாது, மெதுவாக வளரும், அவ்வளவுதான். ஏதாவது போட்டே ஆகவேண்டும் என்று கை துறுதுறுத்தால் இரண்டு செத்த எறும்பு போடுங்கள்.

தஞ்சாவூர், பத்தாம் வகுப்பு மாணவி: பூச்சி விழுந்ததும் குடுவையின் மூடி மூடிக்கொள்ளும் என்று படித்தேன். எங்கள் செடியில் மூடவே இல்லை. நோயா அக்கா?

நோய் இல்லை கண்ணு. அந்த மூடி மூடவே மூடாது. குடுவை முற்றி ஒருமுறை திறந்தால் திறந்தபடியேதான் இருக்கும். மழைத் தண்ணீர் உள்ளே கொட்டி செரிமான நீர் கரைந்துபோகாமல் காப்பதுதான் மூடியின் முக்கிய வேலை. மூடியின் அடிப்பக்கம் தேன் சுரக்கும். அதை நக்க வரும் எறும்பு விளிம்பில் கால் வைக்கும். ஈரமான விளிம்பு அவ்வளவு வழுக்கும். விழுந்த பிறகு ஏறி வர உள்சுவரில் பிடிமானம் இருக்காது. அசையாமல் நின்றே வேட்டையாடும் செடி இது. மூடிக்கொள்வது வீனஸ் ஃப்ளைட்ராப், இலை நுனியே பூச்சி பிடிக்கும் பொறியாக இருக்கும் வேறொரு செடி. இரண்டையும் பல புத்தகங்கள் குழப்பிவிடுகின்றன.

கோயம்புத்தூர்: வீனஸ் ஃப்ளைட்ராப் இரண்டு முறை வாங்கி இரண்டும் போய்விட்டது. நம் ஊரில் வளராதா?

வளரும், ஆனால் நிலைக்காது. சமவெளியில் முதல் செடியாக இதை வாங்கவே வேண்டாம் என்பது என் கட்சி. இதன் சொந்த ஊர் அமெரிக்காவின் வட கரோலினா, தென் கரோலினா கடலோரச் சதுப்பு. அங்கே கோடை வெயில் நன்றாகவே அடிக்கும். ஆனால் குளிர்காலத்தில் மூன்று நான்கு மாதம் செடி ஒடுங்கித் தூங்கும். அந்தத் தூக்கம் இல்லாமல் ஒரு வருடம், ஒன்றரை வருடம் தாக்குப்பிடித்துவிட்டு மெலிந்து போய்விடும். ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு. கோவையில் விடாப்பிடியாக வளர்ப்பவர்கள் டிசம்பரில் செடியைப் பிடுங்கி, வேரை ஈரப் பாசியில் சுற்றி, ஜிப் பையில் போட்டு ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் மூன்று மாதம் வைக்கிறார்கள். பூஞ்சை வராமல் அவ்வப்போது பிரித்துப் பார்க்க வேண்டும். வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லி வையுங்கள், கீரை என்று குழம்பில் போய்விடக்கூடாது.

அப்புறம், விரலால் தொட்டுத் தொட்டு மூடவைத்து விளையாடாதீர்கள். உள்ளே உள்ள உணர்முடிகளில் சுமார் 20 நொடிக்குள் இரண்டு தடவை பட்டால்தான் பொறி மூடும். மழைத்துளிக்கும் தூசிக்கும் ஏமாறாமல் இருக்கச் செடி வைத்திருக்கும் கணக்கு அது. மூடிய பிறகும் பூச்சி உள்ளே துடித்து முடிகளை மேலும் தொட்டால்தான் செரிமான நீர் சுரக்கத் தொடங்கும். செத்த பூச்சியைப் போட்டால் சும்மா திறந்துவிடுவது இதனால்தான். ஒரு பொறி சில தடவை மட்டுமே வேலை செய்யும், பிறகு கருகிவிடும். வெறும் வேடிக்கைக்கு அதைச் செலவழிக்க வேண்டாம்.

களுத்துறை, இலங்கை: எங்கட பக்கம் காட்டோரத்தில் பாந்துரா என்று சொல்லும் குடுவைச் செடி தானாகவே வளருது. கிண்டிக் கொண்டுவந்து வளர்க்கலாமோ?

அது நெப்பந்தஸ் டிஸ்டிலேட்டோரியா. உலகத்தில் இலங்கையில் மட்டுமே இயற்கையாக வளரும் இனம். 1737-ல் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் நெப்பந்தஸ் என்ற பெயரை வைத்ததே இந்தச் செடியை வைத்துத்தான். கிண்ட வேண்டாம். வேர் அறுந்து பெரும்பாலும் செத்துவிடும், காட்டுக்கும் நட்டம். நர்சரியில் வளர்த்த செடி கிடைத்தால் வாங்குங்கள். உங்கள் ஊர்க் காற்றுக்கு இதைவிடப் பொருத்தமான செடி கிடையாது. மேகாலயாவின் நெப்பந்தஸ் காசியானாவுக்கும் இதே பதில்தான். இந்தியாவின் ஒரே நெப்பந்தஸ் இனம் அது. அழியும் நிலையில் உள்ள உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. "காட்டுச் செடி, அசல்" என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

தாம்பரம்: இரண்டு செடி வைத்தால் கொசு குறையுமா?

குறையாது. தொட்டிக்கு அடியில் தட்டில் தண்ணீர் தேக்கி வைத்தால் கூடவும் செய்யும். டெங்கு கொசுவுக்கு அந்தத் தட்டே போதும். ஒரு வாரம் தண்ணீர் அப்படியே நின்றால் புழு கொசுவாகிவிடும். மூன்று நாளைக்கு ஒருமுறை கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். நெப்பந்தஸுக்குத் தட்டுத் தண்ணீரே தேவையில்லை, மேலே ஊற்றி வடியவிட்டால் போதும்.

சேலம்: ஆன்லைனில் நீல நிற ஃப்ளைட்ராப் விதை 99 ரூபாய்க்கு வருகிறது...

நீல நிறத்தில் அப்படி ஒரு செடியே கிடையாது. 99 ரூபாய்க்கு ஏதோ ஒரு களை முளைக்கும்.

கொடைக்கானல்: மழைக்குப் பிறகு புல்வெளியில் பனித்துளி ஒட்டியது போலச் சின்னச் செடி பார்த்தேன். இதுவும் பூச்சி தின்னுமா?

தின்னும், அது டிரோசீரா. அந்தத் துளிகள் பனி அல்ல, பசை. மலையில் இருப்பது பெரும்பாலும் டிரோசீரா பெல்டேட்டா. வறண்ட மாதங்களில் மேலே காய்ந்து மண்ணுக்குள் கிழங்காக ஒளிந்துகொள்ளும். அங்கேயே இருக்கட்டும். சமவெளியில் ஆசைப்படுபவர்கள் டிரோசீரா பர்மானி விதை வாங்கி விதையுங்கள். வெயில் தாங்கும், தானே விதை போட்டு மறுபடி முளைக்கும். ஃப்ளைட்ராப்புக்குச் செலவழிக்கும் காசில் பாதிகூட ஆகாது.

நாகர்கோவில்: நெப்பந்தஸ் தண்டில் வெள்ளையாக மாவுப்பூச்சி. பூச்சி தின்னும் செடிக்கே பூச்சியா! வேப்பெண்ணெய் அடிக்கலாமா?

குடுவைக்குள் விழுந்தால்தானே தின்ன முடியும். மாவுப்பூச்சி இலைக்கணுவில் உட்கார்ந்து சாறு உறிஞ்சுகிறது, அது குடுவைப் பக்கமே போவதில்லை. வேப்பெண்ணெய், சோப்புக் கரைசல் எல்லாம் இந்த இலைகளைக் கருக்கக்கூடும். பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்துப் பூச்சியை மட்டும் தொட்டுத் துடையுங்கள். நான்கைந்து நாளைக்கு ஒருமுறை, ஒரு மாதம் விடாமல். எறும்பு வரிசை ஏறுகிறதா என்றும் பாருங்கள். மாவுப்பூச்சியைத் தூக்கி வந்து குடிவைப்பதே எறும்புதான்.