கோப்புப் பெயரில் இடைவெளி இருந்தால் ஸ்கிரிப்ட் ஏன் உடைகிறது?

படங்களை ஒவ்வொன்றாக நகலெடுக்கும் உங்கள் பாஷ் ஸ்கிரிப்டின் லூப்பில் $@ (ஸ்கிரிப்டுக்குக் கொடுத்த கோப்புப் பெயர்கள் எல்லாம்) என்று மேற்கோள் இல்லாமல் சும்மா விட்டிருக்கிறீர்கள், அதை "$@" ஆக்குங்கள், உள்ளே சிபி (cp, கோப்பை நகலெடுக்கும்) கட்டளைக்குக் கொடுக்கும் மாறிக்கும் அதே இரட்டை மேற்கோள் வேண்டும். ‘கல்லடி பாலம்.ஜேபிஜி’ இருக்க, ‘கல்லடி’ என்று ஒரு கோப்பு இல்லை என்று சிபி திட்டுவது இதனால்தான்.

மேற்கோள் இல்லாவிட்டால் ஷெல் (கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரல், இங்கே பாஷ்) மாறியின் மதிப்பை எடுத்துப்போட்ட பிறகு இடைவெளி, டேப், புதுவரி கண்ட இடமெல்லாம் இன்னொரு தடவை வெட்டும், ஆகவே ஒரு படம் இரண்டு பெயராகிவிடும். ‘பாசிக்குடா.ஜேபிஜி’ மட்டும் ஒழுங்காகப் போனது என்கிறீர்களே, அதில் இடைவெளி இல்லை, அவ்வளவுதான்.

ஒற்றை மேற்கோள் போட்டுவிடாதீர்கள், அதற்குள் $ வெறும் எழுத்து. "$*" உம் சரிவராது, எல்லாப் பெயரையும் ஒட்டி ஒன்றாக்கிவிடும் (நான் ஒரு பின்னேரம் முழுக்க இதில் மாட்டிக்கொண்டிருந்தேன்).

சந்தேகமென்றால் பாஷுக்கு -எக்ஸ் கொடுத்து (bash -x) ஓட்டுங்கள். ஒவ்வொரு கட்டளையும் + குறியோடு வரும், எங்கே வெட்டுப்படுகிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

இன்னொன்று, சிபி அதே பெயரில் ஏற்கெனவே இருக்கும் படத்தின் மேல் கேட்காமலே எழுதிவிடும். இரண்டு போன்களின் படங்களை ஒரே போல்டரில் போடுவதென்றால் சிபிக்கு -i சேர்த்துக்கொள்ளுங்கள், அப்போது கேட்டுவிட்டுத்தான் எழுதும்.