மொட்டை அடித்த பின் முடி வளராத மகன்: வைத்தியர் பதில்

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. பிறந்தபோது தலை நிறைய முடி இருந்தது. நேர்த்திக்காக வற்றாப்பளையில் மொட்டை அடித்த பின் முடி வளரவேயில்லை. இப்போது முழங்காலிலும் முழங்கையிலும் சிறு பருக்கள் தோன்றுகின்றன. கத்தி பட்டு வேர் செத்துவிட்டது என்று ஊரில் சொல்கிறார்கள். நானும் கணவரும் சொந்த மச்சான் மச்சாள். அதுதான் காரணமா? மருந்து உண்டா? (வாசகி, ஒட்டுசுட்டான்)

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் கத்தியை மறந்துவிடுங்கள். சவரக்கத்தி தோலுக்கு வெளியே நிற்கும் முடியை வெட்டுமே தவிர, உள்ளே இருக்கும் வேரைத் தொடாது. மொட்டை அடிக்காமல் விட்டிருந்தாலும் அந்த முடி தானாகவே உதிர்ந்திருக்கும். முதல் முடி கொட்டும் காலமும் நேர்த்தி தீர்க்கும் காலமும் ஒன்றாக அமைந்துவிடுவதால் பழி கத்தியின் மேல் விழுகிறது.

நீங்கள் எழுதிய அறிகுறிகள், பருக்களுடன் கூடிய பரம்பரை முடியின்மை என்ற அரிய நோயை நினைவூட்டுகின்றன. 8ஆம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) உள்ள ‘ஹெயார்லெஸ்’ மரபணு பழுதடைவதால் இது உண்டாகிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அஞ்செலா கிறிஸ்டியானோவும் அவருடைய குழுவினரும், உறவுக்குள் மணம் செய்துவந்த ஒரு பாகிஸ்தானியக் குடும்பத்தை ஆராய்ந்து 1998இல் இதை வெளியிட்டார்கள். (புழுவெட்டால் தம் முடியையே இழக்கத் தொடங்கிய பின்புதான் அவர் இந்தத் துறைக்குள் வந்தார்.) தாயின் வயிற்றில் உருவாகும் முதல் முடிக்கு இந்த மரபணுவின் உதவி பெரிதாகத் தேவைப்படுவதில்லை. அந்த முடி உதிர்ந்து வேர் மறுபடியும் துளிர்க்க வேண்டிய கட்டத்தில்தான் அது இல்லாத குறை தெரியும். காலபோகம் நன்றாக விளைந்த வயலில் சிறுபோகத்துக்கு விதைநெல் இல்லாமற் போவது போல, வேர்ப்பையின் அடியில் முடியை முளைக்கச் செய்யும் திசு பிரிந்து போய்விடுகிறது. எஞ்சிய வேர்ப்பைகள் சிறு கட்டிகளாக மாறுவதே நீங்கள் காணும் பருக்கள்.

ஆனால் இந்தப் பெயரை உறுதியாக்கும் முன் ஒன்றைப் பார்த்தே ஆகவேண்டும். விட்டமின் டியை உடல் ஏற்றுக்கொள்ள உதவும் மரபணு பழுதானாலும் தலையும் தோலும் ஏறக்குறைய இப்படியே தோன்றும்; ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குக் குருதியில் கல்சியம் குறைந்து, கால்கள் வளைந்து, வளர்ச்சி பின்தங்கும். அதற்குக் கல்சியம் கொடுத்து எலும்பைக் காப்பாற்றலாம், தாமதித்தால் வளைவு நிலைத்துவிடும். ஆகவே மகனின் நடையையும் உயரத்தையும் கவனியுங்கள், கல்சியம், பொஸ்பேற் முதலிய குருதிப் பரிசோதனைகளை முதலில் செய்வியுங்கள். வெயிலில் அவனுக்கு வியர்க்கிறதா, பற்கள் எல்லாம் முளைத்துள்ளனவா என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். வியர்க்காத பிள்ளைக்கு நம்முடைய பங்குனி, சித்திரை வெயில் ஆபத்தானது; வியர்க்காதிருப்பது வேறொரு பரம்பரை நோயின் அறிகுறி. பின்னர் வவுனியா அல்லது யாழ்ப்பாண வைத்தியசாலையின் தோல் நோய்க் கிளினிக்கில் காட்டினால், தோலில் சிறு துண்டெடுத்துப் பார்த்து நோயைத் தெளிவாக்குவார்கள். மரபணு ஆலோசனைக்குக் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபியல் அலகு இருக்கிறது.

உங்கள் திருமணம் பற்றி: இந்த நோய் வெளிப்பட, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என அந்த மரபணுவின் இரண்டு பழுதான பிரதிகள் பிள்ளைக்குச் சேர வேண்டும். ஒரே பாட்டன் பாட்டியின் வழிவந்தவர்கள் மணக்கும்போது அது கூடிவருவதற்கு இடம் அதிகம். ஆனாலும் இது யாருடைய குற்றமுமல்ல, ஒற்றைப் பிரதியைச் சுமப்பவருக்கு எந்த அடையாளமும் இராது. உங்கள் மாமியார் இதை வைத்து உங்களைக் குறை சொன்னால், பாதிப் பங்கு அவருடைய மகனிடமிருந்து வந்தது என்று தயங்காமல் சொல்லலாம். அடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் இது வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

மருந்தைப் பொறுத்தவரை, ‘முடி வளர்க்கும் புது மாத்திரை’ என்று செய்திகளில் வருபவை, 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பரிசிற்றினிப் போன்றவை, கடுமையான புழுவெட்டுக்கானவை. அங்கே வேர் உயிரோடு இருக்கிறது, நோயெதிர்ப்புச் சக்திதான் அதைத் தாக்குகிறது. உங்கள் மகனுக்கு என் ஐயம் சரியானால் எழுப்புவதற்கு வேரே இல்லை. மாத்திரையோ, ஸ்ரெறொயிட் ஊசியோ, எண்ணெயோ பயன் தராது, காசுதான் போகும். இந்த நோயில் அறிவும் ஆயுளும் குறைவதில்லை. பள்ளிக்கூடத்தில் தொப்பி அணிய அனுமதிக்குமாறு அதிபருக்குக் கடிதம் தரும்படி கிளினிக்கில் கேளுங்கள். தலையை மறைக்க முடி இல்லாத பிள்ளையின் தோல் ஒரு நண்பகல் விளையாட்டிலேயே வெந்துவிடும்.