ஸ்னூக்கரைத் தொழிலாக நம்பலாமா?

கேள்வி: பிளஸ் டூ முடித்திருக்கும் என் மகன், வேலூரில் உள்ள ஒரு ஸ்னூக்கர் பார்லரே கதி என்று கிடக்கிறான். கல்லூரி வேண்டாம், தொழில்முறை ஆட்டக்காரனாகப் போகிறேன் என்கிறான். அவன் அப்பாவோ அதைச் சூதாட்டக் கூடம் என்கிறார். இந்த ஆட்டத்தை நம்பிப் பிழைக்க முடியுமா?
- ஒரு தாய், குடியாத்தம்

பதில்: உங்கள் கணவரிடம் முதலில் ஒன்றைச் சொல்லுங்கள். 1875இல் ஜபல்பூரில் பிறந்து, ஊட்டி கிளப்பில் விதிகள் வகுக்கப்பட்ட, மேசையில் கோலால் பந்துகளை அடித்துக் குழியில் தள்ளும் ஆட்டம் இது. இதில் சூது ஏதும் இல்லை. ஆனால் பிழைப்பு என்று வரும்போது அவருடைய கவலையில் நியாயம் இருக்கிறது.

தொழில்முறை ஸ்னூக்கரில் மாதச் சம்பளம் கிடையாது. பெரும்பாலும் 'கியூ ஸ்கூல்' என்னும் தகுதிப் போட்டியில் வென்று, தொழில்முறைப் போட்டித் தொடரில் ஆடுவதற்கான இரண்டாண்டு அனுமதி அட்டை பெற்றுத்தான் உள்ளே நுழைய வேண்டும். அந்த இரண்டு ஆண்டுகளில் சேர்த்த பரிசுப் பணத்தைக் கொண்டே தரவரிசை கணக்கிடப்படுவதால், முதல் 64 இடங்களுக்குள் வராதவர்களில் பெரும்பாலோர் மறுபடியும் தகுதிப் போட்டிக்கே திரும்ப வேண்டியிருக்கும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் தொழில்முறை உலகப் பட்டம் வெல்பவருக்கு 5 லட்சம் பவுண்டு என்பது உண்மைதான். ஆனால் போட்டிகளில் பெரும்பகுதி பிரிட்டனிலும் சீனாவிலும் நடக்கின்றன. விமானக் கட்டணமும் தங்கும் செலவும் ஆட்டக்காரரின் தலையில்தான் விழும். தொடக்கச் சுற்றிலேயே தோற்பவர்களின் திண்டாட்டத்தைக் கண்டுதான் 2022-23 பருவத்தில் ஒவ்வொருவருக்கும் 20,000 பவுண்டு வருமான உத்தரவாதம் கொண்டுவரப்பட்டது.

நம் நாட்டின் பங்கஜ் அத்வானியே 2012இல் அந்தத் தொழில்முறைத் தொடரில் சேர்ந்து, 2014இல் அட்டையைத் துறந்து தாயகம் திரும்பினார். அதைத் தோல்வி என்று நான் கருதவில்லை. ஓஎன்ஜிசி எண்ணெய் நிறுவனத்தில் பணி, பில்லியர்ட்ஸும் ஸ்னூக்கரும் சேர்த்து 25க்கும் மேற்பட்ட உலகப் பட்டங்கள் என்று அவர் அமைத்துக்கொண்ட வாழ்க்கைதான் இந்தியப் பிள்ளைகளுக்குப் பொருத்தமான வழி என்பது என் எண்ணம். இந்திய வீரர் ஆதித்யா மேத்தா 2013இல் டெல்லியில் நடந்த இந்தியன் ஓப்பன் என்னும் தொழில்முறைப் போட்டியின் இறுதி ஆட்டம் வரை சென்றார் என்பதையும் மறக்க வேண்டாம்; கதவு அடைபட்டிருக்கவில்லை.

ஆகவே மகன் கல்லூரியில் சேரட்டும், ஆட்டத்தையும் விட வேண்டாம். அவன் பழகும் மேசை 12 அடி நீளமுள்ள முழு அளவு மேசைதானா என்று நேரில் போய்ப் பாருங்கள். சிறிய பூல் மேசையில் பழகிய கண்ணும் கையும் நீண்ட தூர அடியில் தடுமாறும். பின்னால் அதைத் திருத்துவது கடினம். காட்பாடியில் ரயில் ஏறினால் சென்னையும் பெங்களூரும் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. மாநிலப் போட்டிகளில் இரண்டு ஆண்டுகள் ஆடட்டும்; தேசியப் போட்டிக்குத் தேர்வாகிறானா என்று பார்த்த பிறகு, தொழில்முறை பற்றி மூவரும் உட்கார்ந்து பேசுங்கள்.

கேள்வி: பெண் பிள்ளைகளுக்கு இதில் இடம் உண்டா?
- ஒரு வாசகி, ராணிப்பேட்டை

பதில்: நிச்சயமாக உண்டு. சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன் 2025 நவம்பரில் தோஹாவில், ஹாங்காங்கின் இங் ஆன் யீயை வென்று மகளிர் ஸ்னூக்கர் உலகப் பட்டம் பெற்றார். தொழில்முறைத் தொடரில் ஆணும் பெண்ணும் ஒரே மேசையில்தான் மோதுகிறார்கள். 2021 முதல், பெண்களுக்கென்று தனியே நடக்கும் உலகப் போட்டித் தொடரின் வழியாகவும் அந்த இரண்டாண்டு அட்டை வழங்கப்படுகிறது.