இரும்புச்சத்து மாத்திரை இரண்டு மாதமாகியும் சோர்வு குறையவில்லையே என்றால்

மாத்திரையை மாற்ற வேண்டாம். முதலில் அதை விழுங்கும் நேரத்தை மாற்றுங்கள். காலைச் சிற்றுண்டி முடித்து, தேநீரோடு போட்டுக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். கோளாறு பெரும்பாலும் அந்தத் தேநீரில்தான். அதிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொள்வதால் உடல் அதை உறிஞ்ச முடிவதில்லை. துவர்ப்பான கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து அக்காலத்தில் கறுப்பு மை காய்ச்சினார்களே, ஏறக்குறைய அதே வேலைதான் உங்கள் வயிற்றில் நடக்கிறது.

வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாற்றோடு எடுத்துப் பாருங்கள். தேநீர், காபி, பால், கால்சியம் மாத்திரை எல்லாம் இரண்டு மணி நேரம் தள்ளியே. குமட்டினால் கொஞ்சம் உணவோடு எடுக்கலாம்.

நான்கு வாரம் கழித்து ஹீமோகுளோபினோடு, உடலில் இருக்கும் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் ரத்தப் பரிசோதனையில் பாருங்கள். ஹீமோகுளோபின் தேறிய பிறகும் சேமிப்பு நிரம்ப ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும், பாதியில் நிறுத்திவிடாதீர்கள். எண்கள் அசையவே இல்லையென்றால் பி12, தைராய்டு பரிசோதனைகளை மருத்துவரிடம் கேளுங்கள்.

மலம் கறுப்பது மாத்திரையால் இயல்புதான். ஆனால் தார்போல ஒட்டினாலோ, மாதவிடாயில் அதிக ரத்தம் போனாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். அவசரப்பட்டு அளவை மட்டும் நீங்களே கூட்டாதீர்கள்.