ரோடு என்ன, நம் வீட்டு வாசலா?

(முப்பத்தொரு வருடம் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற தர்மபுரிக்காரர், வண்டி, ரோடு சம்பந்தமான வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

என் வீட்டுக்காரர் பைக்கில் வலது பக்க இன்டிகேட்டரைப் போட்டால் அணைக்கவே மாட்டார். பாலக்கோட்டிலிருந்து தர்மபுரி வரை அது கண் சிமிட்டிக்கொண்டே வருகிறது. எப்படித் திருத்துவது?
– ஒரு வாசகி, பாலக்கோடு

அவராவது போடுகிறாரே அம்மா, சந்தோஷப்படுங்கள். நம் பக்கத்தில் பைக்குக்கு இன்டிகேட்டர் என்பது பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் கைதான். மடியில் குழந்தை, தோளில் பை, மிச்சமிருக்கிற ஒரு கை வெளியே வந்து கோழியை விரட்டுகிற மாதிரி ரெண்டு ஆட்டு ஆட்டும். அது ஆடி முடிப்பதற்குள் வண்டி திரும்பியிருக்கும்.

பஸ் ஓட்டிய காலத்தில் நான் இன்டிகேட்டரை நம்பியதே கிடையாது. முன்னால் போகிறவரின் கழுத்தைப் பார்த்துத்தான் ஓட்டினேன். கழுத்து எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் டீக்கடையோ தெரிந்தவரோ இருக்கிறார் என்று அர்த்தம். உடனே பிரேக்கில் கால் வைத்துவிட வேண்டும். லாரிக்காரர் வலது இன்டிகேட்டர் போட்டால் இன்னும் சிக்கல். சிலருக்கு அது ‘திரும்பப் போகிறேன்’, சிலருக்கு ‘என்னைத் தாண்டிப் போ’. எது என்று கேட்கவா முடியும்?

உங்கள் வீட்டுக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். பின்னால் உட்காரும்போது, அது எரிகிறவரை அவர் வலது தோளைத் தட்டிக்கொண்டே வாருங்கள். நாலு கிலோமீட்டர் தாங்க மாட்டார்.

ரயில்வே கேட் மூடியிருக்கும்போது எதிர்ப்பக்க ரோட்டையும் அடைத்துக்கொண்டு நிற்கிறார்களே, கேட் திறந்ததும் எப்படிப் போவதாக எண்ணம்?
– ஒரு வாசகர், பாப்பிரெட்டிப்பட்டி

எண்ணமெல்லாம் கிடையாது. கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழா பார்த்திருப்பீர்கள். வாடியில் எருதைப் பிடித்து நிறுத்தியிருக்கும்போது அது ‘அந்தப் பக்கம் எப்படிப் போவது’ என்றா யோசிக்கும்? இங்கே ஒரு வித்தியாசம், ரெண்டு பக்கமும் எருது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கேட் திறந்து ரெண்டு கூட்டமும் நடுத் தண்டவாளத்தில் முட்டிக்கொண்டு நின்ற பிறகு, எங்கிருந்தோ லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் இறங்கி வருவார். கையில் துண்டு. அஞ்சு நிமிடத்தில் அத்தனையையும் பிரித்து அனுப்பிவிட்டுத் தன் வண்டிக்குப் போவார். முதலில் ராங் சைடில் வந்து அடைத்ததே பெரும்பாலும் அவர் வண்டியாகத்தான் இருக்கும்.

தொப்பூர் கணவாயில் லாரிகள் நியூட்ரலில் இறங்குவதாகச் சொல்கிறார்களே, அது உண்மையா? டீசல் மிச்சமாகுமா?
– ஒரு கல்லூரி மாணவர், நல்லம்பள்ளி

உண்மை. யார் யாரோ செய்வதாகச் சொல்லி நான் தப்பிக்கப் போவதில்லை. நானே செய்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுத்தாய் என்பதுதான் டிரைவருக்கு மார்க். தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் இறக்கம் வரும். சும்மா விட்டாலே வண்டி ஓடுகிற இடத்தில் எதற்கு டீசல் செலவு என்று ஒரு நாள் கியரை எடுத்து நியூட்ரலில் போட்டேன். வண்டி எண்ணெய் தடவிய மாதிரிப் போனது. நாற்பதில் இருந்த முள் அறுபதைத் தாண்டியது. பிரேக்கை மிதித்தேன், குறைந்தது. விட்டேன், மறுபடி ஏறியது. மூணாவது தடவை மிதிக்கும்போது பிரேக் லைனர் தீய்கிற வாடை. நாலாவது தடவை பெடல் காலுக்குக் கீழே போகிறதே தவிர, வண்டி கேட்கவில்லை.

கியரில் போட்டிருந்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும். நியூட்ரலில் அந்தப் பிடி இல்லை, அத்தனை டன்னையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும். பிரேக் டிரம் சூடானால் லைனர் வழுக்க ஆரம்பித்துவிடும். சரி, கியரில் போடலாம் என்றால் அந்தப் பழைய கியர்பாக்ஸ் அந்த வேகத்தில் கரகரவென்று கத்துகிறதே ஒழிய உள்ளே விழவில்லை. டபுள் கிளட்ச் அடித்து, அதாவது கிளட்சை ரெண்டு தடவை மிதித்து, ஆக்ஸிலேட்டரை ஒரு உறுமு உறும வைத்து, எப்படியோ டாப்புக்கு ஒன்று கீழே தள்ளினேன். இரட்டைப் பாலம் வருவதற்குள் வண்டி அடங்கியது. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

கீழே வந்து நிறுத்தினேன். முன் சீட்டில் இருந்த கிழவி சொன்னாள்: ‘இன்னிக்கி சுருக்கா வந்துட்டியே சாமி.’

டீசல் மிச்சமாகுமா என்று கேட்டீர்கள். இப்போது வருகிற வண்டிகளில் அதுவும் இல்லை. கியரில் வைத்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் கம்ப்யூட்டரே டீசலை அடியோடு நிறுத்திவிடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் குடித்துக்கொண்டே வரும். மிச்சம் பிடிக்கிறேன் என்று செலவு செய்கிறார்கள். பழைய டிரைவர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு. கேட்டேனா?

கிருஷ்ணகிரி 5 ரோடு ரவுண்டானாவில் யாருக்கு முதல் உரிமை?
– ஒரு வாசகர், பர்கூர்

ஏற்கெனவே உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு என்று சட்டம் சொல்கிறது. யார் வண்டியில் ஏற்கெனவே கீறல் நிறைய இருக்கிறதோ அவருக்கு என்று வழக்கம் சொல்கிறது.

பேரனுக்கு 16 வயது முடிந்துவிட்டது. 16-க்கே லைசென்ஸ் தருவார்களாமே? தோட்டத்துக்கு எக்ஸ்எல் எடுத்துப் போகட்டும் என்று நினைக்கிறேன்.
– ஒரு தாத்தா, சூளகிரி

வேண்டாம் ஐயா. 16 வயதுக்குக் கொடுப்பது 50 சிசிக்கு மேல் போகாத வண்டிக்குத்தான். 1980-ல் நம் ஓசூரில் பிறந்த டிவிஎஸ் 50-ஐ மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இப்போதைய எக்ஸ்எல் 100 ஏறத்தாழ 100 சிசி, அதற்கு 18 ஆக வேண்டும். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, பையன் வண்டியோடு மாட்டினால் உங்களுக்கோ வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவருக்கோ 25,000 ரூபாய் அபராதம், 3 வருடம் வரை சிறை. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. தோட்டத்துக்கு சைக்கிளில் போகட்டும், தக்காளி ஒன்றும் ஓடிவிடாது.

அப்புறம், ஓசூரில் பஸ்ஸும் லாரியும் செய்கிறார்கள், மொபெட்டும் பைக்கும் செய்கிறார்கள். இவ்வளவு வண்டி செய்கிற ஊர்ப்பக்கம் ஓட்டுவது மட்டும் ஏன் இப்படி என்று என் மனைவி கேட்பாள். சமையல் தெரிந்தவனுக்குப் பரிமாறத் தெரிய வேண்டுமா என்பேன்.

ரோட்டிலேயே கேழ்வரகும் கொள்ளும் காயப் போடுகிறார்கள். பைக் வழுக்கி விழுந்தேன். யாரைக் கேட்பது?
– ஒரு வாசகர், பென்னாகரம்

அடி பலமில்லையே? நானும் இதில் கட்சிக்காரன். என் அப்பாவும் ரோட்டில்தான் கதிர் போட்டார். களம் தேய்த்து, மாடு கட்டி, பிணையல் ஓட்ட ஆள் கிடைக்காத காலத்தில் தார் ரோடு வந்தது. கதிரைப் பரப்பிவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தால், போகிற வருகிற வண்டியெல்லாம் கூலி கேட்காமல் அடித்துக் கொடுத்துவிட்டுப் போகும். நானே பஸ்ஸைக் கதிர்மேல் ஏற்றியிருக்கிறேன். ஒரு தடவை ஒதுங்கிப் போனதற்கு, கதிர் போட்டிருந்த அம்மா மண்வாரித் தூற்றாத குறையாகத் திட்டினார். ‘இத்தனாம் பெரிய வண்டி வச்சிருக்கியே, ஏத்தினா கொறஞ்சா பூடுவ?’

பஸ்ஸுக்கு அது மெத்தை, ரெண்டு சக்கரத்துக்கு அது சோப்பு. கொள்ளுச் செடி உருண்டு செயினில் சுற்றிக்கொள்ளும். அதைவிட மோசம், சுற்றி அடுக்கி வைக்கிற கல். தானியத்தைச் சாயங்காலம் வாரிக்கொண்டு போய்விடுவார்கள், கல் மட்டும் ராத்திரி முழுக்க ரோட்டிலேயே படுத்திருக்கும். போனதே போகிறீர்கள், அந்தக் கல்லையும் வீட்டுக்குத் தூக்கிப் போங்கள் என்று எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். ‘நாளைக்கும் வேணுமே’ என்கிறார்கள். வாசலில் கிடக்கிற அம்மிக்கல்லைச் சொல்வது மாதிரி! நீங்கள் கதிர்மேல் போகும்போது பிரேக் பிடிக்காதீர்கள், முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, ஹேண்டிலைத் திருப்பாமல் நேராகக் கடந்துவிடுங்கள்.

மாங்காய் சீசனில் ராத்திரி ரோட்டில் போகவே பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பயப்படுங்கள், தப்பில்லை. மே பிறந்தால் ஜூலை வரை கூழ் ஆலைக்குப் போகிற டிராக்டர்கள், டிரெய்லர் நிறைய பெங்களூரா மாங்காய். பின்னால் விளக்கு கிடையாது. ஒரு டிராக்டரில் பின்விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் செம்பருத்திப் பூ செருகியிருந்ததைப் பார்த்தேன். பகலில் பார்த்ததால் பிழைத்தேன். டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு: ஒரு டிரெய்லர் மாங்காய் விலைக்கு முன்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் விலை தூசு.

நீங்கள் இப்போது என்ன வண்டி ஓட்டுகிறீர்கள்?
– ஒரு வாசகர், அரூர்

பழைய எக்ஸ்எல். தர்மபுரி நான்கு ரோட்டில் சிவப்பு விழுந்தால் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்கிறேன். போன வாரம் அப்படி நின்றபோது பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. நகரவே இல்லையே என்று டிரைவர் தலையை வெளியே நீட்டி, ‘பெருசு, வண்டி ஓட்டத் தெரியாதா?’ என்றான். திரும்பிப் பார்த்தேன். நான் பக்கத்தில் உட்கார வைத்து ரூட் பழக்கிவிட்ட பையன். என்னைப் பார்த்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, பச்சை விழுந்த பிறகும் நகரவில்லை. இப்போது அவனுக்குப் பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.