அதிவேகப் படகுக்கு இன்சூரன்ஸ்: புதுச்சேரி, கடலூர் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

உல்லாசப் படகுகளுக்கான பாலிசிகளில் 1985 நவம்பர் 1 தேதியிட்ட இன்ஸ்டிடியூட் யாட் கிளாசஸ் விதிகளை இணைப்பது நெடுநாள் வழக்கம். கீழே உள்ள பதில்கள் அவற்றையும் 1963-ஆம் ஆண்டின் கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தையும் வைத்துச் சொல்லப்பட்டவை. உங்கள் பாலிசியில் வேறு வாசகம் இருந்தால் அதுதான் செல்லும். பாலிசித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கே: 26 அடி ஃபைபர் படகு, பின்னால் வெளியே மாட்டிய இரண்டு 300 ஹெச்.பி. அவுட்போர்டு மோட்டார். எங்கள் கார் பாலிசியைப் பார்த்துக்கொள்ளும் ஏஜென்ட் தானே போட்டுத் தருவதாகச் சொல்கிறார். சம்மதிக்கலாமா? – முத்தியால்பேட்டை வாசகர்

ஏஜென்ட் யாராக இருந்தாலும் பரவாயில்லை, விண்ணப்பம் எங்கே போகிறது என்பதுதான் முக்கியம். இது மோட்டார் பிரிவு வேலை இல்லை, கப்பல், படகுகளைக் காப்பீடு செய்யும் மரைன் ஹல் பிரிவு வேலை. கிளை அலுவலகத்தில் அதைப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் மண்டல அலுவலகத்துக்கு அனுப்புவார்கள், நாளாகும். அவசரப்படுத்தி வேறு ஏதோ ஒரு பாலிசியில் படகைச் செருகச் சொல்லாதீர்கள்.

கையோடு கொடுக்க வேண்டியவை: பதிவுச் சான்று, வாங்கிய பில் (இறக்குமதி என்றால் சுங்க ஆவணமும்), பின்பலகையின் வலப்பக்க மூலையில் பொறித்திருக்கும் ஹல் எண்ணின் (படகின் அடையாள எண்) படம், இரண்டு எஞ்சின்களின் சீரியல் எண், ஓட்டுபவரின் பயிற்சிச் சான்று, படகு எங்கே கட்டப்படும் என்ற விவரம், இதற்குமுன் வாங்கிய கிளெய்ம்கள். கோவாவில் உள்ள தேசிய நீர் விளையாட்டு நிறுவனத்தின் பவர்போட் சான்று இருந்தால் கட்டாயம் இணையுங்கள்.

எஞ்சினை மாற்றியிருந்தாலோ, அதன் கம்ப்யூட்டரில் கை வைத்துக் குதிரைத்திறனைக் கூட்டியிருந்தாலோ விண்ணப்பத்தில் எழுதிவிடுங்கள். கேட்கவில்லையே என்று விட்டுவிடக் கூடாது. கடல்சார் காப்பீட்டில், நிறுவனத்தின் முடிவை மாற்றக்கூடிய எதையும் கேட்காமலே சொல்வது வாங்குபவரின் கடமை. மறைத்தது பின்னால் தெரிந்தால் அந்தக் கிளெய்ம் மட்டும் போகாது, பாலிசியையே ரத்து செய்யலாம். பிரீமியம் போய்ச் சேரும்வரை பொறுப்பு தொடங்காது என்பதால் ரசீது கைக்கு வராமல் படகை நீரில் இறக்க வேண்டாம்.

சுண்ணாம்பாறு, உப்பனாறு போன்ற உள்நாட்டு நீர்நிலைகளில் ஓட்டுவதாக இருந்தால் 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கப்பல்கள் சட்டத்தையும் பாருங்கள். அது இயந்திரப் படகுகளுக்குப் பதிவு, சர்வே, இன்சூரன்ஸ் மூன்றையும் கேட்கிறது.

கே: பாலிசியில் "17 நாட்" என்று ஒரு வரி இருக்கிறது. எங்கள் படகு 45 நாட் போகும். மெதுவாக ஓட்டினால் போதுமா? – லாஸ்பேட்டை வாசகர்

போதாது. அந்த வரி நீங்கள் ஓட்டும் வேகத்தைப் பற்றியது இல்லை, படகு வடிவமைக்கப்பட்ட உச்ச வேகத்தைப் பற்றியது. 17 நாட் என்றால் மணிக்குச் சுமார் 31.5 கி.மீ. உங்கள் படகின் வேகம் 83 கி.மீ.க்கு மேல். அந்த வரி அப்படியே இருந்தால் முதல் நாளிலிருந்தே நீங்கள் வாரண்டியை மீறியவர். வாரண்டி என்பது எழுத்துக்கு எழுத்து காப்பாற்ற வேண்டிய வாக்கு. மீறிய தேதியிலிருந்து நிறுவனத்தின் பொறுப்பு விடுபடுகிறது. விபத்துக்கும் மீறலுக்கும் சம்பந்தமே இல்லை என்று வாதாட இடமில்லை.

அந்த வரியை நீக்கி, ஸ்பீட்போட் பிரிவைச் சேர்த்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். அது யாட் கிளாசஸ் விதிகளில் 19-ஆம் பிரிவு. சேர்த்ததும் சில கட்டுப்பாடுகள் வந்துவிடும். படகு ஓடும்போது பாலிசிதாரரோ தகுதியுள்ள வேறொருவரோ படகில் இருந்து ஓட்ட வேண்டும். பந்தயம், வேகச் சோதனை, அவற்றுக்கான ஒத்திகை எதற்கும் பணம் கிடையாது. அலை அடித்தோ, மற்றொரு படகோ ஜெட்டியோ அல்லாத ஏதாவதில் மோதியோ சுக்கான், ஷாஃப்ட், புரொப்பெல்லர் சேதமானால் அதுவும் கிடையாது. அரியாங்குப்பம் முகத்துவார மணல்திட்டில் தட்டி புரொப்பெல்லர் மடங்கினால் செலவு உங்களுடையது என்று பொருள். மாற்று புரொப்பெல்லர் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். தீ பற்றியும், திறந்த கரையில் படகை விடுவது பற்றியும் உள்ள கட்டுப்பாடுகளை அடுத்த இரண்டு பதில்களில் சொல்கிறோம்.

கே: உள்ளே எஞ்சின் வைத்த படகு. கையால் இயக்கும் தீயணைப்பான் மூன்று வைத்திருக்கிறோம். ஏற்பார்களா? – கடலூர் முதுநகர் வாசகர்

ஏற்க மாட்டார்கள். உள் எஞ்சின் படகுக்குத் தீ, வெடிப்பு கிளெய்ம் வேண்டுமென்றால் எஞ்சின் அறை, டேங்க் அறை, சமையல் பகுதி ஆகியவற்றில் தானாக இயங்கும் தீயணைப்பு அமைப்போ, ஸ்டீயரிங் பக்கத்திலிருந்தே இயக்கக்கூடிய அமைப்போ பொருத்தியிருக்க வேண்டும். அது வேலை செய்யும் நிலையிலும் இருக்க வேண்டும். சிலிண்டரை எடைபோட்ட தேதியைச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடிக்குழியில் தேங்கும். ஸ்டார்ட் செய்யுமுன் அந்த ஆவியை வெளியேற்றும் விசிறியை (புளோயர்) நான்கு நிமிடம் ஓடவிடுங்கள்.

கே: ஐப்பசி, கார்த்திகையில் படகை எங்கே வைப்பது? புயலில் போனால் பணம் வருமா? – தேவனாம்பட்டினம் வாசகர்

புயல் சேதம் கடல் ஆபத்தில் அடங்கும், பாலிசியில் இருக்கும். ஆனால் படகு எப்படி நின்றது என்பதில்தான் வழக்கு. திறந்த கடற்கரைக்கு எதிரே ஆளில்லாமல் கட்டியோ நங்கூரமிட்டோ விட்ட படகு மூழ்கினாலும், தரைதட்டினாலும், அறுத்துக்கொண்டு போனாலும் ஸ்பீட்போட் பிரிவில் பணம் கிடையாது. தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம், பாரடைஸ் பீச் எல்லாமே திறந்த கரைகள். இது புயல் நாளுக்கு மட்டும் உரியது இல்லை. பாரடைஸ் பீச்சுக்கு எதிரே நங்கூரம் போட்டுவிட்டு எல்லோரும் சாப்பிடக் கரைக்கு இறங்கினால் அதுவும் ஆளில்லாத படகுதான். மணலில் நங்கூரம் நழுவினால் சில நிமிடத்தில் அலை உடையும் இடத்துக்குப் போய்விடும். ஓட்டத் தெரிந்த ஒருவர் படகிலேயே இருக்கட்டும்.

ஆற்றுக்குள் கட்டுவது, அதாவது தேங்காய்த்திட்டுப் பக்கமோ உப்பனாற்றிலோ, திறந்த கரையைவிட மேல். ஆனால் மழையைக் கணக்கில் எடுக்க வேண்டும். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. 2 மீட்டர் அகலமும் 3 மீட்டர் நீளமும் உள்ள திறந்த தளத்தில் அது 2,700 லிட்டர், அதாவது 2.7 டன். பம்ப் ஓடினால் சமாளிக்கும். ஓர் இலையோ பிளாஸ்டிக் உறையோ மிதவை சுவிட்சில் சிக்கினால் பம்ப் ஓடாது. பின்னால் ஒவ்வொன்றும் சுமார் 250 கிலோ எடையுள்ள இரண்டு எஞ்சின்கள் ஏற்கெனவே அழுத்திக்கொண்டிருக்க, வடிகால் துளைகள் நீர்மட்டத்துக்குக் கீழே போய்விடும். பிறகு ஆற்று நீர் அதன் வழியே உள்ளே வரும்.

டிரெய்லரில் ஏற்றிக் கரையில் வைப்பதே எங்கள் தீர்ப்பு. மூக்கை உயர்த்தி, அடித்துளை அடைப்பானைக் கழற்றி, பேட்டரி இணைப்பை எடுத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, தரையில் புதைத்த வளையங்களில் நான்கு மூலையும் கட்டுங்கள். துறைமுகத்தில் 3-ஆம் எண் கூண்டு ஏற்றும்வரை காத்திருந்தால் டிரெய்லர் இழுக்க வண்டி கிடைக்காது. 1-ஆம் எண்ணிலேயே வேலையைத் தொடங்குங்கள். முடித்ததும் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். புயல் உருவான பிறகு புதிய பாலிசியை எதிர்பார்க்காதீர்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை படகை ஓட்டாமல் வைப்பதாக எழுதிக் கொடுத்தால் பிரீமியம் குறைய வாய்ப்புண்டு. கொடுத்த வாக்கு டிசம்பர் 31 இரவுக்கும் பொருந்தும். புத்தாண்டுக்கு நண்பர்களோடு ஒரு சுற்று போய்வந்தால் வாரண்டி உடைந்தது.

கே: 80 லட்சத்துக்கு வாங்கிய படகு. அதே தொகைக்கு எடுக்கலாமா? – ரெயின்போ நகர் வாசகர்

இன்று இதே படகை இறக்க என்ன ஆகும் என்று கணக்கிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் உல்லாசப் படகுகளுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். இறக்குமதி என்றால் சுங்க வரி தனி. நீங்கள் வாங்கியபோது வரி குறைவு, டாலரும் குறைவாக இருந்திருக்கலாம். பாலிசியில் தொகையை "ஒப்புக்கொண்ட மதிப்பு" என்று எழுதி வாங்குங்கள், முழு இழப்பில் மதிப்புத் தகராறு வராது. மதிப்பில் ஒரு பகுதிக்கு மட்டும் எடுத்தால் மீதிக்கு நீங்களே காப்பீட்டாளர் என்று சட்டம் கருதும், சிறு சேதத்திலும் அந்த விகிதப்படியே தருவார்கள்.

அவுட்போர்டுக்குத் தனிக் கணக்கு உண்டு. பழைய மோட்டாருக்குப் பதில் புதியதன் விலையைத் தருவதால் மூன்றில் ஒரு பங்குவரை கழிக்க நிறுவனத்துக்கு உரிமை இருக்கிறது, அதன்பிறகுதான் நீங்கள் ஏற்கும் தொகையைக் கழிப்பார்கள். உதாரணமாக 24 லட்ச ரூபாய் மோட்டாரில் 8 லட்சம் கழிந்து, அதற்குமேல் 80,000 போனால் கைக்கு வருவது 15,20,000. புது மோட்டார் என்றால் முதல் இரண்டு ஆண்டுக்கு இந்தக் கழிவை நீக்கக் கேட்டுப் பாருங்கள்.

கே: சனி, ஞாயிறுகளில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றுகிறோம், டியூப் கட்டியும் இழுக்கிறோம். தனியார் பாலிசி போதுமா? – நோணாங்குப்பம் வாசகர்

போதாது. சொந்த உல்லாசத்துக்கு மட்டுமே என்பது பாலிசியின் வாரண்டி. பெட்ரோல் காசு என்று வாங்கினாலும் அதை வாடகை என்றே எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. இழுக்கப்படும் ஆளுக்கு வரும் காயமும், பிறருக்கு நேரும் இழப்புக்கான பொறுப்புப் பிரிவில் விலக்கப்பட்டுள்ளது. வாட்டர் ஸ்கீயிங், டியூப், பாராசெயிலிங் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுத்தில் சேர்த்து, பயணிகள் எண்ணிக்கையும் குறிப்பிட்டு வணிகப் பாலிசியாக எடுங்கள். இதில் தயவுசெய்து சிக்கனம் பார்க்காதீர்கள், பயணியின் உயிர் சம்பந்தப்பட்டது. ஓட்டுபவரின் மணிக்கட்டிலோ இடுப்பிலோ எஞ்சின் நிறுத்தும் கயிறு எப்போதும் கட்டியிருக்கட்டும்.

கே: எஞ்சின் திருட்டுக்குப் பணம் உண்டா? – வில்லியனூர் வாசகர்

வழக்கமான போல்ட்டோடு கூடுதலாகத் திருட்டுத் தடுப்புப் பூட்டு போட்டிருந்தால் உண்டு. பூட்டின் பில்லையும் மாட்டிய படத்தையும் வைத்திருங்கள். கழன்று நீரில் விழுந்த மோட்டாருக்கு இல்லை.

கே: எஞ்சின் திணறி நின்றது. மெக்கானிக் பெட்ரோலில் தண்ணீர் என்கிறார். கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது. சரியா? – மஞ்சக்குப்பம் வாசகர்

துரதிர்ஷ்டவசமாக, சரிதான். கடல் ஆபத்தால் வராத இயந்திரக் கோளாறும் தேய்மானமும் கடல்சார் காப்பீட்டில் அடங்காது. இது இப்போது அதிகம் வருவதற்குக் காரணம் உண்டு. பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். மெர்குரி, யமஹா போன்ற அவுட்போர்டுகளின் கையேடுகள் 10 சதவீதம்வரைதான் அனுமதிக்கின்றன. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்ற டேங்க்கில் ஈரம் மிகுந்தால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும், உறிஞ்சு குழாய் இருப்பதும் அங்கேதான். எத்தனால் கலக்காத பிரீமியம் பெட்ரோல் எந்தப் பங்க்கில் கிடைக்கிறது என்று விசாரித்து அதையே போடுங்கள். 10 மைக்ரான் நீர்பிரிப்பு ஃபில்டர் பொருத்தி, அதன் கிண்ணத்தை ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் பாருங்கள். கரையில் வைக்குமுன் டேங்க்கில் பாதியளவு விட்டு மாதக்கணக்கில் நிறுத்த வேண்டாம்.

கே: பழைய படகு வாங்குகிறோம். சர்வேயில் என்ன பார்ப்பார்கள்? – நெல்லித்தோப்பு வாசகர்

நீரிலிருந்து ஏற்றித்தான் பார்ப்பார்கள். பின்பலகையைச் சிறு சுத்தியலால் தட்டுவார்கள். மந்தமான ஓசை வந்தால் உள்கட்டை ஊறியிருக்கிறது, பெரிய மோட்டார் தாங்காது. சிலிண்டர் அழுத்தம் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கியர் ஆயில் பால் போலிருந்தால் சீல் போயிருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் பழுதுபார்க்க ஏறும், இடம் கிடைப்பது கடினம். அதற்குமுன் முடியுங்கள். விற்றவரின் பாலிசி உங்கள் பெயருக்குத் தானாக வராது. நிறுவனம் எழுத்தில் ஒப்புக்கொள்ளாவிட்டால் விற்ற நொடியில் அது முடிந்துவிடும்.

கே: படகு மூழ்கிவிட்டது. முதல் சில மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும்? – வீராம்பட்டினம் வாசகர்

ஆட்கள் முதலில். கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, வி.எச்.எஃப். ரேடியோ இருந்தால் 16-ஆம் சேனல். பிறகு நிறுவனத்துக்கு மின்னஞ்சல், நேரம் குறித்து. பழுது தொடங்குமுன் அறிவிக்க வேண்டும், சர்வேயர் பார்க்கும்வரை எதையும் கழற்றி எறியக் கூடாது. ஆனால் கைகட்டி நிற்கவும் கூடாது. இழப்பைக் குறைக்க நியாயமான முயற்சி எடுப்பது சட்டப்படி உங்கள் கடமை, அந்தச் செலவைக் கோரலாம். மீட்டு இழுத்துவந்த மீனவர்களுக்குக் கொடுத்த பணத்துக்குக் கையெழுத்திட்ட சீட்டு வாங்குங்கள்.

ஓடாமல் மூழ்கிய மோட்டாரை வெளியே எடுத்ததும் நன்னீரில் கழுவி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஃபிளைவீலைக் கையால் சுற்றி நீரை வெளியேற்றி, எண்ணெய் தெளித்து, அன்றே மெக்கானிக்கிடம் கொடுங்கள். சுற்ற மறுத்தால் நிறுத்திவிடுங்கள், செல்ஃப் போட வேண்டாம். ஓடிக்கொண்டிருந்தபோது மூழ்கியிருந்தால் உள்ளே தண்டு வளைந்திருக்கலாம், சுற்றவே வேண்டாம். ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுங்கள்.

நிராகரித்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ, தனிநபர் பாலிசி என்றால் சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் (காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்) போகலாம். தமிழ்நாடும், புதுச்சேரி நகரும், காரைக்காலும் அவர் எல்லைக்குள் வரும். நிராகரிப்புக் கடிதம் வந்த ஓராண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.